கையடக்க கேமை டிவியில் மாட்ட: முதலில் போர்ட்டைப் பாருங்கள், பிறகு பர்ஸைத் திறங்கள்

சென்னை பர்மா பஜாரில் போய் நின்று, "அண்ணே, கேமை டிவியில மாட்ற ஒயர் குடுங்க" என்று கேட்டால் ஏதோ ஒரு ஒயர் கண்டிப்பாகக் கிடைக்கும். அது உங்கள் கருவிக்கு ஆகுமா, உங்கள் வீட்டு டிவிக்கு ஆகுமா என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் இரண்டையும் சொல்லவில்லையே. டிவி ஸ்டாண்டின் இழுப்பறையைத் திறந்தால், இப்படி வாங்கி உதவாமல் போன ஒயர்கள் சுருண்டு கிடக்கும் வீடுகள் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நிறைய உண்டு.

இந்த வேலையில் மாட்டுவது சுலபம். எதை வாங்குவது என்று தீர்மானிப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அதனால் கட்டுரையில் பெரும்பகுதி, கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியதைப் பற்றித்தான்.

முதலில்: உங்கள் கருவி படத்தை வெளியே அனுப்புமா?

கையில் பிடித்து ஆடும் எல்லாக் கருவியும் டிவிக்குப் படம் அனுப்பாது. அடியில் ஒரே மாதிரி டைப்-சி போர்ட் இருக்கும். ஒன்றில் படம் வரும், இன்னொன்றில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். வெளியே இருந்து பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. மாடல் பெயர் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

நிண்டெண்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த ஸ்விட்ச், 2021-ல் வந்த ஓலெட் ஸ்விட்ச், 2025-ல் வந்த ஸ்விட்ச் 2 ஆகிய மூன்றும் டிவியில் ஓடும். நடுவில் 2019-ல் வந்த ஸ்விட்ச் லைட் மட்டும் ஓடாது. டாக் (கருவியை இறக்கி வைத்து டிவியோடு இணைக்கும் தாங்கி) வாங்கினாலும் ஓடாது, கன்வெர்ட்டர் (ஒரு வகைச் சிக்னலை இன்னொரு வகையாக மாற்றும் பெட்டி) போட்டாலும் ஓடாது. அதில் படத்தை வெளியே அனுப்பும் வசதியே வைக்கப்படவில்லை. செகண்ட் ஹேண்டில் மற்றதைவிட விலை குறைவாகக் கிடைக்கும் ஸ்விட்ச் பெரும்பாலும் லைட்டாகத்தான் இருக்கும். அடையாளம் எளிது: இரண்டு பக்கமும் இருக்கும் கன்ட்ரோலர் கழன்று வந்தால் அது டிவியில் ஓடும் ஸ்விட்ச், உடம்போடு ஒட்டியே இருந்தால் லைட். டிவியில் ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் லைட்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சோனியில் கதை வேறு. பழைய பிஎஸ்பி-1000 மாடலில் டிவி வசதி கிடையாது. 2007-ல் வந்த பிஎஸ்பி-2000, 2008-ல் வந்த பிஎஸ்பி-3000 இரண்டிலும் உண்டு. ஆனால் 2000-ல் விளையாட்டை டிவியில் பார்க்க ஐந்து முனை கொண்ட காம்பொனென்ட் கேபிள்தான் ஆகும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை கொண்ட சாதாரண ஏவி கேபிளில் விளையாட்டுப் படம் வருவது 3000-ல்தான். பின்னால் வந்த வீட்டாவில் டிவி வெளியீடு இல்லை. 2023-ல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டலிலும் இல்லை. அது சோனியின் வீட்டுக் கேம் பெட்டியான பிஎஸ்5-லிருந்து வைஃபை வழியாகப் படத்தை வாங்கிக் காட்டும் கருவி, திருப்பி எங்கேயும் அனுப்பாது. நிண்டெண்டோவின் டிஎஸ், 3டிஎஸ் எதையும் நேரடியாக டிவியில் மாட்ட முடியாது.

ஸ்டீம் டெக், ஏசஸ் ஆர்ஓஜி அல்லை, லெனோவோ லீஜியன் கோ போன்றவை உண்மையில் சின்ன கம்ப்யூட்டர்கள். இவற்றின் டைப்-சி போர்ட் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வகைப் படச் சிக்னலை வெளியே விடும். எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே ஒயரில் போகும் டிவி இணைப்பு) உள்ள டைப்-சி ஹப், அதாவது ஒரு போர்ட்டைப் பல துளைகளாக்கும் சின்னப் பெட்டி, ஒன்று போதும். இந்தக் கூட்டத்தில் மிகக் குறைந்த தலைவலி இவற்றில்தான்.

அடுத்து, பிள்ளைகள் கையில் அதிகம் பார்க்கும் "400 இன் 1" பெட்டி. கட்டை மொபைல் போனின் பேட்டரி போல ஒன்று போட்டு ஓடும் சின்னக் கருவி. இதன் உடம்பில் "ஏவி அவுட்" என்று எழுதிய இயர்போன் அளவு துளை இருக்கும். பெட்டியோடு வரும் ஒயரின் மறுமுனையில் மஞ்சளும் இன்னொரு நிறமும். விலை குறைந்த கருவிதான், ஆனால் டிவியில் மாட்டுவதற்கு இதைவிட எளிதானது இல்லை. ஆன்பர்னிக் போன்ற சீனக் கருவிகள் சிலவற்றில் மினி எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும். அது டிவியில் உள்ளதைவிடச் சிறியது, மைக்ரோ எச்டிஎம்ஐயைவிடப் பெரியது. ஒயர் கேட்கும்போது "மினி" என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மைக்ரோ வந்துவிடும்.

மொபைல் போனில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பெரும்பாலானவற்றின் டைப்-சி போர்ட்டில் படம் வெளியே வராது. சாம்சங் எஸ் வரிசை, ஐபோன் 15 முதலானவற்றில் வரும். வைஃபை வழியாக ஸ்க்ரீன் காஸ்ட் செய்யலாமே என்பீர்கள். படம் பார்க்கச் சரி, விளையாட ஆகாது. விரல் அழுத்தியதற்கும் டிவியில் ஆள் குதிப்பதற்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற அளவு தாமதம் இருக்கும்.

அடுத்து: டிவியின் முதுகைப் பாருங்கள்

டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்க்காதீர்கள். போனின் டார்ச்சைப் போட்டு ஒரு போட்டோ எடுங்கள். அந்தப் போட்டோதான் கடையில் உங்களுக்காகப் பேசும்.

தட்டையாக, இரண்டு மூலை சரிந்த துளை எச்டிஎம்ஐ. 32 இஞ்ச் டிவிகளில் வழக்கமாக இரண்டு இருக்கும், அதில் ஒன்றை கேபிள் செட்டாப் பாக்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் "ஏஆர்சி" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அது சவுண்டுபாருக்கான கூடுதல் வசதி, கேமையும் அதிலேயே மாட்டலாம்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வட்டத் துளைகள் ஏவி. சில டிவிகளில் மஞ்சளே இருக்காது. பச்சை, நீலம், சிவப்பு, சிவப்பு, வெள்ளை என்று ஐந்து இருக்கும். அங்கே மஞ்சள் முனையைப் பச்சையில் செருக வேண்டும். பச்சைத் துளையைச் சுற்றி மஞ்சள் வளையமோ "வீடியோ" என்ற எழுத்தோ இருக்கும். இன்னும் சில புது டிவிகளில் வட்டத் துளைகளே இல்லாமல் இயர்போன் அளவில் "ஏவி இன்" என்று ஒரே துளை மட்டும். டிவி வாங்கும்போது அதற்கான குட்டை ஒயர் ஒன்று டப்பாவில் வந்திருக்கும். தேடிப் பாருங்கள், பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும்.

2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த 14 இஞ்ச் பெட்டி இன்னமும் வீட்டில் ஓடுகிறதா? "400 இன் 1" ஆட அது நல்ல டிவி. எனக்குக் கேட்டால் புது எல்இடி டிவியைவிட அதில்தான் அந்தப் பழைய விளையாட்டுகள் அழகாக இருக்கும்: கோடுகள் மென்மையாகத் தெரியும், பட்டன் அழுத்தியதும் படம் உடனே அசையும். ஸ்விட்சை அதில் மாட்ட நினைத்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். கன்வெர்ட்டர் போட்டு மாட்ட முடியும், ஆனால் எழுத்துகள் எறும்பு எறும்பாகத் தெரியும். கதை படித்து ஆடும் விளையாட்டுக்கு அது சரிப்படாது.

கன்வெர்ட்டர்: இங்கேதான் பணம் போகிறது

கடையில் கையளவு வெள்ளை அல்லது கறுப்புப் பெட்டி இரண்டு தொங்கும். ஒன்றின் மேல் "ஏவி டு எச்டிஎம்ஐ", மற்றொன்றின் மேல் "எச்டிஎம்ஐ டு ஏவி". உருவம், நிறம், அளவு எல்லாம் ஒன்றுதான், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒன்வே தெரு மாதிரி. ஒரு பக்கமிருந்துதான் போகலாம், திருப்பி மாட்டினால் படம் வராது.

எது வேண்டும் என்று நினைவில் வைக்க, படம் கிளம்பும் இடத்திலிருந்து சொல்லிப் பாருங்கள். பிஎஸ்பி-3000 அல்லது "400 இன் 1" உங்களிடம் இருக்கிறது, டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான் என்றால், படம் ஏவியில் கிளம்பி எச்டிஎம்ஐயில் இறங்குகிறது. அதற்கு "ஏவி டு எச்டிஎம்ஐ". ஸ்விட்சை அந்த 14 இஞ்ச் டிவியில் மாட்ட "எச்டிஎம்ஐ டு ஏவி".

இரண்டுக்குமே தனியாக 5 வோல்ட் கரண்ட் வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் சின்ன யூஎஸ்பி துளையில் பழைய மொபைல் சார்ஜரை மாட்டுங்கள். விளக்கு எரியாமல் படம் வரவில்லை என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்களில் பலர் இந்த ஒயரை மாட்டாதவர்கள்தான். "எச்டிஎம்ஐ டு ஏவி" பெட்டியின் ஓரத்தில் "பால்", "என்டிஎஸ்சி" என்று குட்டி ஸ்விட்ச் இருக்கும். படம் உருண்டுகொண்டே போனாலோ கறுப்பு வெள்ளையாக வந்தாலோ அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள்.

செட்டாப் பாக்ஸுக்கும் கேமுக்கும் ஒரே எச்டிஎம்ஐ போர்ட்தான் என்றால் கேட்க வேண்டியது "எச்டிஎம்ஐ ஸ்விட்ச்". பலர் "ஸ்ப்ளிட்டர்" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். ஸ்ப்ளிட்டர் ஒரு படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்துக் கொடுப்பது. இரண்டு கருவியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு டிவிக்குக் கொடுப்பது ஸ்விட்ச்தான். இதைவிடச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: செட்டாப் பாக்ஸை அதன் ஏவி ஒயருக்கு மாற்றிவிட்டு எச்டிஎம்ஐயைக் கேமுக்கு விட்டுவிடலாம். எச்டி சேனல் பார்க்காத வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எச்டிஎம்ஐ கேபிளைப் பொறுத்தவரை, தங்க முலாம் பூசியது, துணி சுற்றியது என்று விலை ஏற்றிச் சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். போகிற சிக்னல் டிஜிட்டல். வந்தால் முழுசாக வரும், கேபிள் மோசமென்றால் புள்ளி புள்ளியாக மினுக்கும் அல்லது விட்டுவிட்டு வரும். தங்கத்தால் நிறம் கூடாது. 1080பி (ஃபுல் எச்டி) டிவிக்கு "ஹை ஸ்பீடு" போதும். அதைவிடத் துல்லியமான 4கே-யில் வினாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் "பிரீமியம் ஹை ஸ்பீடு". ஸ்விட்ச் 2-வுக்கு டப்பாவிலேயே "அல்ட்ரா ஹை ஸ்பீடு" கேபிள் வரும், அதையே போடுங்கள். நீளம் ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் போதும். நம் வீட்டு முன்னறைக்கு ஐந்து மீட்டர் ஒயர் வாங்கினால் மூன்று மீட்டர் காலில்தான் சிக்கும்.

டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் நேரான எச்டிஎம்ஐ முனை உள்ளே போகாது. எல் வடிவ முனை கேளுங்கள். அதிலும் மேலே திரும்புவது, கீழே திரும்புவது என இரண்டு வகை. டிவியின் போட்டோ கையில் இருந்தால் கடைக்காரரே பார்த்துச் சொல்வார்.

வாங்குவதற்கு பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் இருக்கின்றன. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-ல் வந்தபிறகு, திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இரண்டுமே ஒரே ரயில். பர்மா பஜாருக்கு மண்ணடியில் இறங்கி நடக்கலாம், ரிச்சி தெருவுக்கு அரசினர் தோட்டம். எங்கே போனாலும் கருவியைக் கையோடு எடுத்துப் போங்கள். "கடையில டிவி இருக்குதாண்ணே, ஒரு தபா மாட்டிப் பாத்துட்டு எடுத்துக்குறேன்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாட்டிக் காட்ட மறுத்தால் அடுத்த கடை.

ஸ்விட்சை மாட்டும் முறை

1. டாக்கின் பின்கதவைத் திறங்கள். மேலே "ஏசி அடாப்டர்" என்று இருப்பதில் சார்ஜர் முனையை முதலில் செருகுங்கள். கீழே "எச்டிஎம்ஐ அவுட்". கேபிளின் மறுமுனை டிவிக்கு.

2. சார்ஜரைச் சுவர் பிளக்கில் மாட்டி, டிவியை ஆன் செய்து, ரிமோட்டில் "சோர்ஸ்" அல்லது "இன்புட்" பட்டனை அழுத்தி எந்த எச்டிஎம்ஐயில் மாட்டினீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். அதன் எண் டிவியின் முதுகிலேயே எழுதியிருக்கும்.

3. ஸ்விட்சை டாக்கில் மெதுவாக இறக்குங்கள். திரை, டாக்கின் நிண்டெண்டோ முத்திரை இருக்கும் பக்கமே பார்க்க வேண்டும். அடியில் டைப்-சி முனை நேராக உட்கார்ந்ததும் கருவியின் திரை அணைந்து, டிவியில் படம் வரும். டாக்கின் முன்னால் சின்னப் பச்சை விளக்கும் எரியும்.

4. இரண்டு பக்கமும் இருக்கும் ஜாய்-கான் என்ற கன்ட்ரோலர்களைக் கழற்றுங்கள். ஒருவர் ஆடினால் கிரிப்பில் மாட்டிக்கொள்ளலாம். இருவர் ஆடினால் ஆளுக்கு ஒன்றைப் படுக்கை வாக்கில் பிடித்துக்கொள்ளலாம். கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்து பழகிய வீட்டில் இதற்குத் தனியாகச் சொல்லித் தரவே வேண்டாம்.

சார்ஜர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஸ்விட்சின் அசல் அடாப்டர் 15 வோல்ட்டில் 2.6 ஆம்பியர் தரும். வீட்டில் கிடக்கும் சாதாரண 5 வோல்ட் மொபைல் சார்ஜரை டாக்கில் மாட்டினால் படம் வராது. டாக் கெட்டுப்போனதென்று நினைத்து வேறு டாக் தேடி அலைவார்கள். ஸ்விட்ச் 2-வின் அடாப்டர் இன்னும் பெரியது, 60 வாட். பழைய ஸ்விட்சின் டாக் ஸ்விட்ச் 2-வுக்கு ஆகாது, ஆசைப்பட வேண்டாம்.

மலிவு டாக் பற்றி எப்போதும் கேள்வி வரும். 2018-ல் ஸ்விட்சின் 5.0 அப்டேட்டுக்குப் பிறகு, வேறு நிறுவனங்களின் சில டாக்குகளில் மாட்டிய ஸ்விட்ச்கள் அப்படியே செத்துப்போனதாக உலகமெங்கும் புகார் கிளம்பியது. எல்லா டாக்கும் அப்படி என்றில்லை. ஆனாலும் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவிக்கு அசல் டாக்கைத் தேடுவதுதான் புத்தி. செகண்ட் ஹேண்ட் அசல் டாக் தனியாகவும் கிடைக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்விட்ச் என்றால் சார்ஜரின் கால்கள் தட்டையாக இருக்கும். சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், அதனால் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. நம்மூர் பிளக்குக்கு ஏற்ற மாற்று முனை ஒன்று போதும். பழைய டிஎஸ், 3டிஎஸ் போன்றவற்றின் அமெரிக்க சார்ஜர்களில் 120 வோல்ட் மட்டும் போட்டிருக்கும். அதை நம் 230 வோல்ட்டில் மாட்டினால் ஒரு நொடியில் புகைதான். எந்தச் சார்ஜரையும் மாட்டும் முன் அந்தக் குட்டி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

ஸ்டீம் டெக், அல்லை வகை

ஹப் வாங்கும்போது அதில் எச்டிஎம்ஐயோடு "பிடி" என்று குறித்த டைப்-சி துளையும் இருக்க வேண்டும். கருவியின் சார்ஜரை அந்தத் துளையில் மாட்டினால் ஆடிக்கொண்டே சார்ஜும் ஏறும். ஸ்டீம் டெக்கின் சார்ஜர் 45 வாட், அல்லையின் சார்ஜர் 65 வாட். ஹப்பும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதால் தாங்கும் அளவு கூடுதலாகப் போட்ட ஹப்பே நல்லது. எச்டிஎம்ஐயில் "4கே 30" என்று மட்டும் போட்டிருந்தால் 4கே-யில் ஆட்டம் தடுக்கும். அதில் 1080பி-க்கு இறக்கி ஆடுங்கள், அல்லது "4கே 60" ஹப் வாங்குங்கள்.

ஸ்டீம் டெக்கில் டிவியை மாட்டியும் படம் மங்கலாக இருந்தால், அந்த விளையாட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ரெசல்யூஷனை மாற்ற வேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக. அல்லை போன்ற விண்டோஸ் கருவியில் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் இரண்டாவது திரையில் மட்டும் காட்டச் சொல்லுங்கள். சத்தம் கருவியிலேயே வந்தால், சவுண்டு வெளியீட்டில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"400 இன் 1"-ம் பிஎஸ்பி-யும்

மஞ்சள் முனை மஞ்சளில், மற்றது வெள்ளையில், டிவியில் ஏவி சோர்ஸ். முடிந்தது. வேறு ஒயர் போட்டு மாட்டும்போது படம் வராமல் கொர்ரென்று சத்தம் மட்டும் வந்தால், மஞ்சள் முனையைப் பிடுங்கிச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். இயர்போன் வடிவ ஏவி ஒயர்களில் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் நிறத்தை முழுசாக நம்ப முடியாது.

பிஎஸ்பி-யில் கேபிளை மாட்டினால் மட்டும் போதாது. திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டனை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால்தான் படம் டிவிக்குப் போகும். விளையாட்டின் படம் நடுவில் சின்னதாக, சுற்றிலும் கறுப்பு ஓரத்தோடு வரும். அது பழுதல்ல. டிவியின் ஜூம் வசதியில் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

படம் வந்த பிறகு டிவியில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, டிவியின் பிக்சர் மோடை "கேம்" என்று மாற்றுவது. சாதாரண மோடில் டிவி ஒவ்வொரு ஃப்ரேமையும் மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அதனால் தாமதம் ஏறும். வியாசர்பாடியில் கால்பந்து ஆடி வளர்ந்த பையனிடம் டிவியில் கால்பந்து கேம் கொடுத்துப் பாருங்கள். இந்த மோடு இல்லாவிட்டால் முதல் கோலிலேயே "இன்னாபா, லேட்டா ஒதைக்குது" என்பான்.

படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, மூலையில் இருக்கும் ஸ்கோர் பாதி மறைந்தால் அது ஓவர்ஸ்கேன். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றுங்கள். எல்ஜி-யில் "ஜஸ்ட் ஸ்கேன்", சாம்சங்கில் "ஃபிட் டு ஸ்க்ரீன்", சோனியில் "ஃபுல் பிக்சல்" என்று இருக்கும். டிவியில் இந்த வசதியே இல்லை என்றால் ஸ்விட்சின் டிவி செட்டிங்கில் திரை அளவைக் குறைக்கலாம். 4கே டிவி வைத்திருப்பவர்கள் போர்ட்டின் முழு வேகத்தைத் திறக்க வேண்டியிருக்கும். சாம்சங்கில் அதன் பெயர் "இன்புட் சிக்னல் பிளஸ்". பழைய ஸ்விட்சுக்கு இது தேவையே இல்லை, அதன் உச்சம் 1080பி-தான்.

இன்னொரு சங்கதி வீட்டு அமைதி சம்பந்தப்பட்டது. ஸ்விட்ச் டாக்கில் இருக்கும்போது யாராவது கன்ட்ரோலரைத் தொட்டு எழுப்பிவிட்டால், அது டிவியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆயா சீரியலின் முக்கியக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது திரையில் திடீரென்று கேம் வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்விட்சின் டிவி செட்டிங்கில் "மேட்ச் டிவி பவர் ஸ்டேட்" என்பதை ஆஃப் செய்துவிடுங்கள்.

படமே வரவில்லையா?

கருவியிலிருந்து டிவி வரை படம் போகும் பாதையில் ஒவ்வொன்றாக நடந்து வாருங்கள். சார்ஜர் அசல்தானா, விளக்கு எரிகிறதா? ரிமோட்டில் சரியான சோர்ஸா? வேறு எச்டிஎம்ஐ போர்ட்டில் மாட்டினால் வருகிறதா? செட்டாப் பாக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் கேபிளைக் கழற்றிக் கேமுக்குப் போட்டுப் பாருங்கள். அதில் வந்துவிட்டால் உங்கள் கேபிள்தான் குற்றவாளி. பக்கத்து வீட்டு டிவியில் மாட்டி வந்தால் உங்கள் டிவி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

ஸ்விட்சில் மட்டும் ஒரு கூடுதல் வைத்தியம்: அடாப்டரைச் சுவரிலிருந்தும் டாக்கிலிருந்தும் இரண்டு பக்கமும் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி மாட்டுங்கள். அடாப்டர் உள்ளுக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டிருந்தால் இதில் சரியாகிவிடும். கரண்ட் போய்ப் போய் வந்த நாளில் இது அதிகம் தேவைப்படும்.

நம்மூருக்கென்று சில எச்சரிக்கைகள்

கேபிள் டிவி ஒயரின் உலோகத் தலையைத் தொட்டால் சுரீரென்று லேசாக ஷாக் அடிக்கும் வீடுகள் உண்டு. எங்கோ எர்த் சரியில்லாமல் கரண்ட் கசிந்து அந்த ஒயர் வழியாக வருகிறது என்று பொருள். அந்த நிலையில் எச்டிஎம்ஐயைச் செருகினால் போர்ட் கருகலாம். அதனால் எதை மாட்டும்போதும் டிவி, செட்டாப் பாக்ஸ், கேம் மூன்றின் பிளக்கையும் கழற்றிவிட்டு மாட்டுங்கள், பிறகு கரண்ட் கொடுங்கள். ஷாக் தொடர்ந்தால் முதலில் எலெக்ட்ரீஷியன், அப்புறம்தான் கேம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். பழைய பெரிய டிவியின் முதுகை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை வாங்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

ஸ்விட்சுக்கு நிண்டெண்டோ சொல்லும் வெப்ப அளவு 5 முதல் 35 டிகிரி வரை. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அதைத் தாண்டுவது சாதாரணம். டாக்கைக் கண்ணாடி ஷோகேஸுக்குள் அடைக்காதீர்கள், செட்டாப் பாக்ஸ் மேலும் வைக்காதீர்கள். மேல்பக்கக் காற்றோட்டத் துளைக்கு இடம் விட்டு, ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள். மே மாத மதியம் ஆடாமல் சாயங்காலம் ஆடினால் கருவிக்கும் நல்லது, கரண்ட் பில்லுக்கும் ஒன்றும் கெட்டுவிடாது.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு எதிரி. மாட்டாமல் கிடக்கும் ஏவி முனைகளில் பச்சை படியும், எச்டிஎம்ஐயின் மெல்லிய தகடுகள் மங்கும். ஆடாத நாட்களில் ஒயர்களை மூடி போட்ட டப்பாவில், புது ஷூ டப்பாவோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து வைத்துவிடுங்கள். ஏவி முனையில் பச்சை படிந்திருந்தால், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். எச்டிஎம்ஐ, டைப்-சி துளைகளுக்குள் குச்சியோ ஊசியோ விட்டுச் சுரண்டாதீர்கள். உள்ளே இருக்கும் நாக்கு உடைந்தால் போர்டையே கழற்றிச் சூடு வைக்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.